ஸ்பானிய எழுத்தொலிகள்

செர்வாந்தேஸ் 1605-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருங்கதையின் தலைவனை நம்மவர் ‘டான் க்விக்ஸாட்’ என வழங்குகின்றனர். அவன் நாட்டினர் கூறுவதோ ‘தோன் கிஹோத்தே’. ஆங்கில எழுத்தின் வழக்கை ஸ்பானியத்தின் மேல் ஏற்றுவதால் விளைவதே இத்திரிபு. ஆங்கிலத்தைச் சற்றே மறந்து தமிழ்ச் செவியோடு அணுகின், அம்மொழியொலி நமக்கு எளிதிற் கைவரும் என்பது நமது துணிபு.

எழுத்துக்கள் இருபத்தேழு. உயிர்கள் ஐந்தே, அவை நம் அ, எ, இ, ஒ, உ என்பவற்றை ஒக்கும். குறில் நெடில் என்னும் பாகுபாடு அங்கு இல்லை. ஆங்கிலத்திற் போல ஓருயிர் பல வேடம் பூணுவதும் இல்லை.

வல்லெழுத்துக்களை நோக்குக. ‘தொமாத்தே’ (தக்காளி) என்பதன் தகரம் பல்லையொட்டி, மூச்சு மிகாது, நம் தகரம் போலவே பிறக்கும். டகரமாக ஒலித்தல் பிழை. ‘தே’ எனப் பெயரிய மற்றோர் எழுத்து மெல்லோசையுடையது. ‘தேதோ’ (விரல்) என்னுஞ் சொல்லில் அது இருமுறை வருகின்றது. முதலாவது சற்று அழுந்தும், உயிரிடைப்பட்ட இரண்டாவது ‘அது’ என்பதன் ஈற்றிற் போல நெகிழும். இந்நெகிழ்ச்சி நமக்குத் தாய்மொழியே தந்த பயிற்சி. ஆங்கிலேயர் இதனை முயன்று பெறல் வேண்டும்.

ரகரத்தில் விழிப்பு வேண்டும். ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. நா பன்முறை அதிரப் ‘பெர்ரோ’ என்றால் நாய். சொன்முதல் ரகரமும் அதிர்ந்தே வரும். அரத்தையும் அறத்தையும் ஒன்றாக ஒலிக்கும் நண்பர்க்கு இஃது இடர் தரலாம்!

ஆங்கிலேயர் ‘ஜே’ என்பது இங்கே ‘ஹோத்தா’. தொண்டையில் உரசிப் பிறக்கும் ஹகரம் எனலாம். முற்காலத்தில் இவ்வொலிக்கு ‘எக்ஸ்’ எழுத்தும் வழங்கிற்று. 1815-இல் ஸ்பானியக் கழகத்தார் அதனை விலக்கி ஹோத்தாவை நிறுத்தினர். மெக்ஸிகோ நாட்டார் மட்டும் தம் நாட்டுப் பெயரிற் பழைய எழுத்தை விடாது காத்து, ‘மெஹிகோ’ என்றே ஒலிக்கின்றனர். ஆங்கிலத்தின் ‘எச்’ எழுத்தோ இங்கு ஊமை. ‘ஓலா’ என்னும் முகமன் அதனை முதலிற் கொண்டதே.

ஞகரத்தின் வரலாறு இனிது. இலத்தீன் சொற்களில் இரட்டித்த னகரத்தை எழுதுவோர், இடங்கருதி ஒன்றன் தலைமேல் மற்றொன்றைச் சிறுகோடாக இட்டனர். அதுவே இன்று தனியெழுத்து. ‘ஆஞோ’ (ஆண்டு) என்பதிற் காண்க.

இனி அழுத்தம். உயிரிலேனும் ன, ஸ ஒற்றுக்களிலேனும் முடியுஞ் சொல் ஈற்றயலசையில் அழுந்தும். பிறவற்றில் முடிவது ஈற்றசையில். விதி மாறுமிடத்து உயிரின்மேற் கோடிடுவர். ‘பப்பா’ என்பதனை முதலசையில் அழுத்தின் உருளைக்கிழங்கு, அல்லது ரோமாபுரிப் பாப்பரசர். கோடிட்டு ஈற்றில் அழுத்தினால்தான் தந்தை.