இரும்பு பம்பர் யாரைக் காப்பாற்றுகிறது?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையிலும், மேலே எஸ்டேட் மண் சாலைகளிலும் ஓடும் தார், பொலிரோ வகை வண்டிகளின் முன்னால் தனியாக வாங்கி மாட்டிய இரும்பு பம்பரை இன்றும் பார்க்க முடிகிறது. கம்பெனி பம்பர் வெறும் பிளாஸ்டிக், மலைக்குத் தாங்காது, முன்னால் இரும்பு இருந்தால் உள்ளே இருப்பவர் பிழைப்பார் என்பது இதற்குப் பின்னால் உள்ள நம்பிக்கை. இதில் பிளாஸ்டிக் என்பது மட்டும்தான் உண்மை. அதுவும் மேல்தோல் வரைக்கும்தான்.

அந்த மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு குறுக்கு பீம் இருக்கும். அதன் இரு முனைகளும் சேசிஸோடு சேரும் இடத்தில், மோதினால் மடிந்து நசுங்குவதற்கென்றே செய்த குட்டைப் பெட்டிகள் பல வண்டிகளில் உண்டு. நசுங்குவதுதான் அவற்றின் வேலை. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதும் வண்டி 60 செ.மீ. நசுங்கி நின்றால், உள்ளே பெல்ட் போட்டிருப்பவர் மீது அவர் எடையைப் போல ஏறத்தாழ 16 மடங்கு விசை விழுகிறது. அதே வண்டி 30 செ.மீ.க்குள் நின்றுவிட்டால் 33 மடங்கு. இரும்பு பம்பர் மாட்டியதும் நசுங்கும் தூரம் சரிபாதியாகிவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் நசுங்க வேண்டிய பகுதியைத் தாண்டி நேராக சேசிஸில் போல்ட் போட்ட இரும்பு, கணக்கை அந்தத் திசையில்தான் தள்ளுகிறது. வண்டிக்கு அடி குறையும்; மிச்சத்தை விலா எலும்பு வாங்கிக்கொள்ளும்.

ஏர்பேக் விஷயமும் இதோடு சேர்ந்ததே. வண்டி எவ்வளவு சடாரென்று வேகம் இழக்கிறது என்பதை சென்சார்கள் அளந்து, பையை விரிப்பதா வேண்டாமா என்று கண் இமைப்பதற்குள் முடிவெடுக்கின்றன. அந்த அளவுகோல் கம்பெனி பம்பரை வைத்து அமைத்தது. முன்பக்கத்தின் விறைப்பு மாறினால் சின்ன இடிக்கே பை விரியலாம். தேவையான நேரத்தில் தாமதமாகலாம். 2020-இல் தார் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வாங்கிய 4 நட்சத்திரமும், 2024-இல் தார் ராக்ஸ் பாரத் என்கேப்பில் வாங்கிய 5 நட்சத்திரமும் பட்டறையில் மாட்டிய பம்பரோடு வாங்கியவை அல்ல. அதை மாட்டிய பிறகு அந்த நட்சத்திரங்களைச் சொல்லிப் பெருமைப்பட உரிமை இல்லை.

ஏற்காட்டுக்காரர்கள் கேட்கும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு: இரவில் காட்டெருமை குறுக்கே வந்தால்? வளர்ந்த கடா ஒரு டன் வரை எடை இருக்கும். தோள் உயரம் ஆறடியைத் தொடும். பம்பர் முதலில் தட்டுவது கால்களையும் அடிவயிற்றையும். உடலின் பெரும்பாரம் அதற்கு மேலே இருப்பதால், அது பானட்டில் ஏறிக் கண்ணாடிப் பக்கம் சாயும் ஆபத்தை இரும்புக் குழாய் தடுத்துவிடாது. 40 கி.மீ. வேகத்தில் போவதை 20-ஆகக் குறைத்தால் மோதலின் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும். எந்தப் பட்டறையிலும் இதைவிட நல்ல காவல் கிடைக்காது. ஆஸ்திரேலியாவில் கங்காருவுக்காக மாட்டுகிறார்களே என்றால், அங்கே குறிப்பிட்ட மாடலுக்கென்று வடிவமைத்து, ஏர்பேக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பம்பர்கள் விற்கின்றன. வெல்டிங் கடையில் அளவெடுத்துச் செய்வது அந்த ரகம் இல்லை. பழைய எஸ்டேட் ஜீப்பில் இரும்புதானே இருந்தது என்பார்கள். இருந்தது, அதில் ஏர்பேக்கும் இல்லை, நசுங்கும் பகுதியும் இல்லை. மோதினால் ஸ்டியரிங் கம்பிதான் நெஞ்சில் முட்டும்.

பார்க்கிங்கில் உரசினால் கீறல் விழாது, பெயின்ட் செலவு மிச்சம் என்பது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மிச்சத்துக்கான விலையை ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் சாலையைக் கடப்பவரும், எதிரே வரும் இருசக்கர வாகனக்காரரும் கொடுக்கிறார்கள். மடங்கிக் கொடுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மடங்காத குழாய்க்கும் உள்ள வித்தியாசம் தொடை எலும்புக்குத் தெரியும். இப்படி முன்னால் மாட்டும் கடினமான புல் பார்களை ஐரோப்பிய ஒன்றியம் 2005-ஆம் ஆண்டு உத்தரவின் மூலம் கட்டுப்படுத்தியதும் பாதசாரிகளுக்காகத்தான்.

நம் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைச் சுட்டி, கிராஷ் கார்டு, புல் பார் மாட்டிய வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. உற்பத்தியாளரின் அடிப்படை வடிவமைப்பிலிருந்து விலகும் மாற்றங்கள் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் கழற்றியதோடு நின்றுவிட வேண்டாம். இரும்பு பம்பருக்கு இடம் பண்ண, கம்பெனி பீமையே வெட்டி எடுத்திருக்க வாய்ப்புண்டு. மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பீம் இல்லையென்றால் புதிதாக வாங்கிப் போட்ட பிறகே மலை ஏறுங்கள்.