வென்ற கட்சியும் ஆளும் கட்சியும்

உள்ளாட்சி அமைப்புகள் பாடத்தில், "அதிக வார்டுகளில் வென்ற கட்சியே ஐந்தாண்டும் மாநகராட்சியை ஆளும்" என்று மாணவர்கள் எளிதில் முடிவுகட்டிவிடுவர். தில்லி மாநகராட்சியின் 2022 தேர்தலைக் கரும்பலகையில் எழுதி, அந்த முடிவை அவர்களையே சோதிக்கச் செய்யலாம்.

படி 1: எண்ணுதல்

மொத்த வார்டுகள் 250. ஆம் ஆத்மி 134, பாஜக 104, காங்கிரஸ் 9, சுயேச்சைகள் 3. 15 ஆண்டுகள் பாஜக வசமிருந்த நிர்வாகம் கைமாறியது. முதல் இரு கட்சிகளின் வாக்குகள் ஏறத்தாழ 42, 39 விழுக்காடு. 3 விழுக்காட்டு வேறுபாடு 30 இடங்களானது எப்படி? ஒரு வாக்கில் வென்றாலும், ஆயிரம் வாக்கில் வென்றாலும் கிடைப்பது ஓர் இடமே என்பதை மாணவர்களே கண்டறியட்டும்.

படி 2: யாருக்கு வாக்குரிமை?

தில்லி மேயரைத் தேர்ந்தெடுப்பவர்கள் 250 உறுப்பினர்கள் மட்டுமல்லர். மக்களவை உறுப்பினர்கள் 7 பேர், மாநிலங்களவை உறுப்பினர்கள் 3 பேர், சட்டமன்ற உறுப்பினர்கள் 14 பேரும் உண்டு. மொத்தம் 274; பெரும்பான்மை எவ்வளவு? துணைநிலை ஆளுநர் நியமித்த 10 உறுப்பினர்களைப் பற்றிய சர்ச்சையால் மேயர் தேர்தல் மூன்று முறை தடைப்பட்டது. நியமன உறுப்பினர்களுக்கு வாக்குரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 17.02.2023 அன்று கூறியது. ஐந்து நாள்களில் ஆம் ஆத்மியின் ஷெல்லி ஓபராய் 150–116 என வென்றார்.

படி 3: கைமாறிய மன்றம்

தில்லியில் மேயர் தேர்தல் ஆண்டுதோறும் நடக்கும். 2025 ஏப்ரலில் பாஜகவின் ராஜா இக்பால் சிங் மேயரானார். இடையில் மாநகராட்சிப் பொதுத்தேர்தல் நடக்கவில்லை. உறுப்பினர் சிலர் கட்சி மாறியிருந்தனர். அரசமைப்பின் பத்தாவது அட்டவணையிலுள்ள கட்சித்தாவல் தடை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்குமே உரியது, மாநகராட்சிக்குப் பொருந்தாது.

கலந்துரையாடல்

"உறுப்பினர் கட்சி மாறினால், நாம் அளித்த வாக்கு அவருக்கா, கட்சிக்கா?" வகுப்பை இரு குழுக்களாகப் பிரித்து வாதிடச் செய்க. ஆசிரியர் தம் கட்சிச் சார்பை வெளிப்படுத்தாமல், கூறப்படும் காரணங்களை மட்டும் மதிப்பிடுவது நன்று.

தொடர்பணி

தமிழ்நாட்டிலும் 2022இல் மேயர்களை மாமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். மாணவர்கள் தம் வார்டு எண், உறுப்பினர் பெயர், அவரிடம் கேட்க விரும்பும் ஒரு கேள்வி ஆகியவற்றை எழுதி வரட்டும். ஊராட்சிப் பகுதி மாணவர்களும் இதைச் செய்யலாம். வாக்களிக்கும் வயதுக்கு முன்பே கேள்வி கேட்கும் பழக்கம் வரவேண்டும்.