பங்கு பிரிப்பவளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

ஒரே சர்வரில் குடியிருக்கும் பல இணையதளங்களுள் ஒன்று மட்டும் பேண்ட்வித் முழுவதையும் விழுங்கிவிடுவதாகவும், அதற்கு உடனே ஒரு வேக வரம்பு விதித்துவிட்டால் மற்றவை பிழைத்துக்கொள்ளுமல்லவா என்றும் எழுதியிருந்தாய். கேள்வி நியாயமானதுதான், ஆயினும் அந்த ‘உடனே’ என்ற சொல் எனக்கு அச்சத்தை உண்டாக்கியபடியால் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

100 மெகாபிட் இணைப்பு என்பது வினாடிக்கு 12.5 மெகாபைட். மாதம் 100 ஜிகாபைட் என்று நாம் வாடிக்கையாளருக்கு ஒதுக்கிக் கொடுக்கிறோமே, அதனை அவருடைய தளம் முழு வேகத்தில் இரண்டேகால் மணி நேரத்திற்குள் செலவழித்துவிடக்கூடும். அந்த நேரமெல்லாம் அக்கம்பக்கத்துத் தளங்கள் தவிக்கும். அவரோ எந்த நிபந்தனையையும் மீறியவரல்லர். ஆகையால் மாத ஒதுக்கீடு என்பதும் கணநேர வேகம் என்பதும் வெவ்வேறு வியாதிகள் என்பதையும், முன்னதற்கான மருந்து பின்னதைக் குணப்படுத்தாது என்பதையும் மனத்தில் இருத்திக்கொள்.

இனி என் அநுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்குமுன் நான் பராமரித்த சர்வரில், 60 மெகாபைட் அளவுள்ள சொற்பொழிவு ஒலிப்பதிவுகளை வழங்கிவந்த தளம் ஒன்று இருந்தது. அப்பாச்சியின் மாட்_ரேட்லிமிட்டைக் கொண்டு, அதன் பதிவிறக்கம் ஒவ்வொன்றையும் வினாடிக்கு 30 கிலோபைட்டுக்குள் அடக்கிவிட்டு நிம்மதியாக இருந்தேன். புதிய சொற்பொழிவு வெளியான அன்று மாலை எல்லாத் தளங்களும் ஒருங்கே நின்றுபோயின. நல்ல இணைப்புள்ளவர் சில வினாடிகளில் பெற்றுக்கொண்டு விலகியிருக்கக்கூடிய கோப்பு, என் வரம்பினால் அரை மணிக்கும் மேலாக ஒரு பிராசஸைப் பிடித்துவைத்திருந்தது; பிரீஃபோர்க் முறையில் ஒரு பிராசஸ் ஒரு வேளையில் ஒருவருக்கே ஊழியம் செய்யும்; அவ்விதம் அங்கே அனுமதிக்கப்பட்டிருந்த 256 பிராசஸ்களும் கோப்பைச் சொட்டுச்சொட்டாக வார்த்துக்கொண்டு நின்றன. இணைப்பிலோ ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு காலியாகவே கிடந்தது! யாருக்காக அந்த வரம்பை விதித்தேனோ, அவர்களுக்கே கதவு அடைபட்டுப் போனதை எண்ணி இன்றும் நான் வருந்துகிறேன்.

ஆகவே பெரிய கோப்புகளை என்ஜின்எக்ஸின் பொறுப்பில் விட்டுவிடு. ஒரே பிராசஸில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்கும் சுபாவமுடைய அதற்குக் காத்திருத்தல் பெரும் பாரமன்று. ஆனால் அதன் லிமிட்_ரேட் கட்டளை ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாகவே செல்லுபடியாகும் என்பதை மறவாதே. எட்டு இணைப்புகளைத் திறக்கும் டவுன்லோடு மேனேஜர் எட்டு மடங்கு வேகத்தைப் பெற்றுவிடும். எனவே இணைப்புகளின் எண்ணிக்கையையும் லிமிட்_கான் கொண்டு வரையறுக்க வேண்டும்.

ஒரு தளம் முழுமைக்குமே பங்கு வகுப்பதுதான் உன் நோக்கமென்றால், அதற்குத் தனி ஐபி முகவரி கொடுத்து, லினக்ஸ் கெர்னலில் டிசி கட்டளையால் ஹெச்டிபி முறையை ஏற்படுத்துவதே என் மனத்துக்கு மிகவும் உகந்த உபாயம். அதில் உறுதியான பங்கு வேறு, உச்சவரம்பு வேறு. அண்டைத் தளங்கள் உறங்கும் நள்ளிரவில் மிஞ்சிக் கிடப்பதை அந்தத் தளம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், அவை விழித்ததும் தன் பங்கிற்குத் திரும்பிவிடும். பயனற்றுக் கிடக்கும் பேண்ட்வித்தை நாளைக்கென்று சேமித்துவைக்க இயலாதாகையால், எவருக்கும் உதவாமல் அதைப் பூட்டிவைக்கும் வரம்பை நான் நியாயமென்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இவ்வளவுக்கும் முன்னதாக லாக்கைத் திறந்து பார். பெருக்கத்துக்குக் காரணம் ஒரே ஒரு படமாகவும், அதை வேறொரு தளம் தன் பக்கத்தில் நேரே இணைத்துக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். அல்லது கேஷ் ஹெடர் இல்லாத குறையால் பழைய வாசகர்களே அதை மீண்டும் மீண்டும் இறக்கிக்கொண்டிருக்கலாம். அவ்வாறாயின் வரம்பே தேவைப்படாது. தேவைதான் என்று கண்டால், விதிப்பதற்கு முன் தளத்துக்குரியவருக்கு எண்களோடு ஒரு கடிதம் எழுது. ஒதுக்கீடு தீர்ந்தபின் வாசகருக்கு முன்னால் திடீரென்று தோன்றும் 509 என்ற அறிவிப்பிலிருந்து அவர் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

லாக்கில் எந்தக் கோப்பு முன்னால் நிற்கிறதென்று கண்டதும் எனக்குத் தெரிவி.

அன்புடன்,
உன் அண்ணன்