வழியோரச் சுனைநீர்: எடுக்கும் முறையும் மார்க்கச் சட்டமும்

வானத்திலிருந்து மழையை இறக்கி, அதைப் பூமியினுள் ஊற்றுகளாக ஓடச் செய்பவன் தானே என்று அல்லாஹ் திருமறையின் 39-ஆவது அத்தியாயத்தில் நமக்கு நினைவூட்டுகிறான். மலைப்பாதையில் பாறை இடுக்கிலிருந்து கசிந்து வரும் ஒவ்வொரு சுனையும் இதற்குச் சாட்சியாகும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைகளில் சோலைக்காடும் புல்வெளியும் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களிலும் சிறுகச் சிறுக வெளியே விடுகின்றன. அந்நீர் சாலையோரத்தில் வந்து விழும் இடங்களில் நம் குடும்பத்தார் வண்டியை நிறுத்திக் குடிக்கிறார்கள், ஒளுச் செய்கிறார்கள், கேன்களில் பிடித்து வீட்டுக்கும் கொண்டு செல்கிறார்கள். ஆகவே இது பற்றிய சட்டங்களை நாம் அறிந்திருப்பது அவசியம்.

சுனைநீர் யாருக்குச் சொந்தம்?

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பொது வழியில் தானாக ஊறி ஓடும் நீர் எவருக்கும் தனிச்சொத்து அல்ல. ஒருவர் தம் குடத்தில் பிடித்துக்கொண்ட பிறகே அது அவருடையதாகிறது. அதை அவர் விற்கவும் செய்யலாம். ஆனால் குழாய் வாயை மறித்துக்கொண்டு காசு கேட்க அவருக்கு உரிமையில்லை.

சுனை ஒருவருடைய தோட்டத்துக்குள் இருந்தால், அவர் தம் குடும்பம், கால்நடை, பயிர் ஆகியவற்றின் தேவையை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். மிஞ்சியதைத் தாகித்த மனிதருக்கும் பிராணிக்கும் மறுக்கக் கூடாது. வழியில் தேவைக்கு மேல் தண்ணீர் வைத்திருந்தும் பிரயாணிக்குத் தர மறுத்தவனை மறுமையில் அல்லாஹ் ஏறிட்டும் பார்க்க மாட்டான் என்ற கடும் எச்சரிக்கை புகாரியில் வந்துள்ளது. அதேபோல, அனுமதியின்றி வேலியைத் தாண்டிப் பயிரை மிதித்து நீர் எடுக்க வழிப்போக்கருக்கும் உரிமையில்லை.

அன்னை ஹாஜர் (அலை) அவர்களின் வரலாற்றைக் கவனியுங்கள். ஜுர்ஹும் கூட்டத்தார் ஜம்ஜம் அருகே தங்க அனுமதி கேட்டபோது, அன்னையவர்கள் மனமுவந்து இசைந்தார்கள். ஆனால் நீரின் மீது உங்களுக்கு உரிமை இல்லை என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். தாராளமும் ஒழுங்கும் அங்கே ஒருங்கே அமைந்திருந்தன.

முறை தவறலாமா?

மத்யன் நகரின் நீர்த்துறையில் வலியவர்கள் தம் ஆடுகளுக்கு நீர் காட்டிக்கொண்டிருக்க, இரு பெண்கள் தம் மந்தையைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். மூஸா (அலை) அவர்கள் தாமே முன்வந்து அவர்களுக்காக நீர் இறைத்துக் கொடுத்தார்கள். இது 28-ஆவது அத்தியாயத்தில் உள்ளது.

இன்றும் வழியோரச் சுனைகளில் அதே காட்சி உண்டு. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரே ஒரு குடத்துடன் ஒரு மூதாட்டி வந்து நிற்பார். நாமோ இருபது கேன்களை வரிசையாக வைத்திருப்போம். நமக்கு அது சுவைக்காக. அவருக்கோ அன்றைய அடுப்பு எரிவதற்கே அந்த நீர் வேண்டும். நாம் முதலில் வந்தவர்களாகவே இருந்தாலும், அவருக்கு வழிவிடுவதே மூஸா (அலை) அவர்கள் காட்டிய பண்பு. கோடையில் ஊற்று மெலிந்து விழும்போது, குடிக்கும் அளவுக்கு எடுத்துக்கொண்டு மற்றதை அங்கு வாழ்வோருக்கு விட்டுச் செல்ல வேண்டும்.

ஒளுவுக்கு ஆகுமா?

சுனைநீர் தானும் சுத்தமானது. பிறவற்றையும் சுத்தப்படுத்தக் கூடியது. பாசி, மண், இரும்புச்சத்து, கந்தகம் போன்றவற்றால் இயல்பாகவே நிறமோ மணமோ மாறியிருந்தாலும் ஒளு நிறைவேறும். நஜீஸ் கலந்து நிறம், சுவை, மணம் ஆகியவற்றில் ஒன்று மாறிவிட்டால், நீர் எவ்வளவு அதிகமாயினும் அது நஜீஸாகும். ஷாபிஈ மத்ஹபில், இரண்டு குல்லத்துக்குக் குறைவாகத் தேங்கிய நீரில் நஜீஸ் பட்டால், மாற்றம் தெரியாவிட்டாலும் நஜீஸே. இரண்டு குல்லத்து என்பது இக்கால அளவில் ஏறத்தாழ 200 லிட்டர். எனவே சிறு குழிகளில் கையை விட்டு அளைந்து ஒளுச் செய்யாமல், ஒரு கோப்பையால் மொண்டு சற்றுத் தள்ளி நின்று செய்வதே பேணுதலானது.

குடிக்க ஆகுமா?

“ஒளுவுக்கு ஆகும் நீர் குடிக்கவும் ஆகும்தானே?” என்று சிலர் கேட்கலாம். சுத்தம் வேறு, சுகம் வேறு. பார்வைக்குப் பளிங்காகத் தோன்றும் நீரிலும் கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் இருக்கக்கூடும். 1854-ல் லண்டன் மாநகரின் பிராட் தெருவில் இருந்த பம்புக் கிணற்று நீரைச் சுவைக்காகவே தொலைவிலிருந்து தருவித்துக் குடித்தவர்களும் உண்டு. பக்கத்து வீட்டு மலக்குழி அதில் கசிந்திருந்தது. அவ்வட்டாரத்தில் காலராவுக்கு 600 பேருக்கு மேல் பலியானார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அந்த நீரே காரணம் என்று எடுத்துக்காட்டி, பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார்.

சுனைக்கு மேலே வீடுகளோ, கழிப்பிடமோ, மாட்டுத் தொழுவமோ, உரமும் பூச்சிமருந்தும் இடும் தோட்டமோ உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். மழை பெய்தவுடன் நீர் கலங்கினால், மேற்பரப்பு நீர் அதில் நேராகக் கலக்கிறது என்பதற்கு அது அடையாளம். கொண்டு வந்த நீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்து ஆற வைக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வசிப்போர் மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும். உரத்தின் நைட்ரேட்டும் பூச்சிமருந்தும் போய்விடும் என்று நம்பியிருக்கக் கூடாது. நைட்ரேட் புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களுக்கு ஆபத்தானது. எனவே அத்தகைய நீரில் பால்மாவு கரைக்கலாகாது. வீட்டில் வழக்கமாகச் சுனைநீரைப் பயன்படுத்துவோர் அதைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலி என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ளலாகாது என்பது இறைக் கட்டளை. ஆகவே இந்த எச்சரிக்கை தவக்குலுக்கு மாறானது அல்ல.

பேண வேண்டிய ஒழுக்கங்கள்

நீர்த்துறை, நடைபாதை, நிழல் ஆகிய இடங்களில் மலஜலம் கழிப்பது சாபத்துக்குரிய செயல் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். குழந்தையின் அழுக்குத் துணியை அங்கே அலசுவதும், சோப்புப் போட்டு வண்டி கழுவுவதும், எச்சில் இலைகளை எறிவதும் அதையொத்த தீங்குகளே. மண்ணெண்ணெய், பெயிண்ட், பூச்சிமருந்து இருந்த டின்களில் குடிநீர் பிடிக்கக் கூடாது. குழாயில் வாய் வைத்துக் குடிக்காமல், பாத்திரத்தில் பிடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, மூன்று மூச்சில் குடிக்க வேண்டும். வீட்டிலும் இரவில் நீர்ப்பாத்திரங்களை மூடி வைப்பது சுன்னத்து. வளைவுகளில் வண்டியை நிறுத்திப் பிறர் பாதையை மறிப்பதையும் தவிர்த்துக்கொள்ள வேண்டும்.

உதுமான் (ரலி) அவர்கள் மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு வக்பு செய்தார்கள். அத்தகைய வசதி நம் எல்லோருக்கும் இல்லாமலிருக்கலாம். ஆயினும் சுனையைச் சுற்றிக் கிடக்கும் குப்பையை அகற்றுவதும், உடைந்த குழாயைச் சீர்செய்து வைப்பதும் எவராலும் ஆகக்கூடிய தர்மமே. நமக்குப் பின்னால் வரும் தாகித்தவர் யாரென்று நாம் அறியோம், அல்லாஹ் அறிவான். அவன் தந்த நீரை அவன் விரும்பும் முறையில் பயன்படுத்த நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.