மீன்கண் கேமராவும் திணறும் கம்ப்யூட்டரும்

கேள்வி: கடையின் நடுக்கூரையில் 12 மெகாபிக்சல் ஃபிஷ்ஐ கேமரா ஒன்று மாட்டினோம். அன்றிலிருந்து ரெக்கார்டிங் கம்ப்யூட்டர் திணறுகிறது. புதிது வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டுப் பணத்தை இறக்காதீர்கள். பதிவு செய்வது பெரிய சுமையே அல்ல. கேமரா சுருக்கி அனுப்புவதை ஹார்ட் டிஸ்க் அப்படியே எழுதிக்கொள்ளும். நொடிக்கு 8 மெகாபிட் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 86 ஜிபி, அவ்வளவுதான். பிராசஸரைப் பிழிவது, ஃபிஷ்ஐ தரும் வட்டப் படத்தைத் திரையில் காட்டுவதும் அதை நேராக்குவதும்தான். 1080பி படத்தைவிட ஆறு மடங்கு பிக்சல் அல்லவா! லைவ் வியூவை மூடிவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். சிபியூ சட்டென்று இறங்கினால் குற்றவாளி அதுவே. சாஃப்ட்வேரில் ஹார்ட்வேர் டிகோடிங்கைப் போடுங்கள்; ஆனால் கேமரா சுருக்குவது ஹெச்.265 முறையில் என்றால் இன்டெல் ஆறாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்கள் உதவா. அசைவைக் கண்டறியும் வேலையைக் குறைந்த பிக்சல் கொண்ட சப்-ஸ்ட்ரீமுக்கு மாற்றுங்கள்.

கேமராவிலேயே நேராக்கி அனுப்பும் வசதியும் உண்டு. கம்ப்யூட்டருக்கு நிம்மதிதான், எனக்கோ அதில் உடன்பாடில்லை: முழு வட்டம் பதிவாகாவிட்டால், திருட்டு நடந்தபின் வேறு கோணத்துக்குத் திருப்பிப் பார்க்க முடியாது. ஆனால் ஒன்று, வட்டத்தின் விளிம்பில் முகம் தெளியாது. கல்லாவுக்கு மேல் ஒரு சாதாரண கேமரா இருக்கட்டும்.