படகில் ஒட்டிவரும் சிப்பியும் மோப்ப நாயும்

நீர்நிலைகளுக்கு நேரும் கேடுகளுள் பல, நம் கண்ணுக்குப் புலப்படும் காலத்தில் கைமீறிப் போய்விடுகின்றன. அயல்நாட்டுச் சிப்பியினங்கள் ஏரிகளிற் புகுந்து பரவுவது அத்தகைய கேடுகளுள் ஒன்றாகும். ஒரு பெரிய ஏரியில் இவை நிலைபெற்றுவிட்டால், அங்குள்ள மற்ற உயிர்களுக்குத் தீங்கு நேராமல் இவற்றை அடியோடு ஒழிப்பதற்கு ஏற்ற வழி இன்றளவும் கண்டறியப்படவில்லை. ஆகவே இவை புகாமல் தடுப்பதே செய்யத்தக்க காரியம். அத்தடுப்பு வேலையில் நாயின் மூக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதையும், அது எங்கே தவறக்கூடும் என்பதையும், அத்தவறு நாயினுடையதா அன்றி மனிதனுடையதா என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சிப்பியின் இயல்பு

இங்கு நாம் கருதும் சிப்பிகள் இருவகை. ஒன்று, ஓட்டின் மீது கறுப்பு வெள்ளைக் கோடுகள் உடைய வரிக்குதிரைச் சிப்பி; மற்றொன்று அதன் நெருங்கிய இனமாகிய குவாகா சிப்பி. இரண்டும் கருங்கடல், காஸ்பியன் கடல் ஆகியவற்றைச் சார்ந்த நீர்ப்பகுதிகளைத் தாயகமாகக் கொண்டவை. முழு வளர்ச்சி பெற்ற சிப்பியும் பெரும்பாலும் நம் கட்டைவிரல் நகத்தினும் சிறிது பெரிதாகவே இருக்கும். ஆயினும் இதன் பெருக்கம் வியப்புக்குரியது. ஒரு பெண் சிப்பி ஓராண்டில் 10 லட்சம் முட்டைகள் வரை இடவல்லது. முட்டையிலிருந்து வெளிப்படும் லார்வா வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவினது. அது சில வாரங்கள் நீரில் மிதந்து திரிந்து, பின்னர் ஏதேனும் ஒரு திடப்பொருளைப் பற்றிக்கொண்டு அங்கேயே வளர்கிறது. நூல் போன்ற வலிய இழைகளைச் சுரந்து, அவற்றால் கல், இரும்பு, மரம், பிற சிப்பிகளின் ஓடு ஆகிய எதன்மீதும் இறுக ஒட்டிக்கொள்ளும் திறன் இதற்கு உண்டு.

வட அமெரிக்காவில் வரிக்குதிரைச் சிப்பி 1988ஆம் ஆண்டில் செயின்ட் கிளேர் ஏரியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கப்பல்கள் தம் நிலைப்புக்காக அடியில் ஏற்றிவரும் நீருடன் இது ஐரோப்பாவிலிருந்து வந்ததென்பது அறிஞர் கருத்து. மறு ஆண்டிலேயே, மிச்சிகன் மாநிலத்து மன்றோ நகரின் குடிநீர்க் குழாய்களைச் சிப்பிகள் அடைத்துக்கொண்டமையால் நகரத்தின் நீர் வழங்கல் தடைப்பட்டது. மின்நிலையங்களின் குளிர்நீர்க் குழாய்களும் அவ்வாறே அடைபட்டன.

இச்சிப்பி ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உணவாகக் கொள்கிறது. அதனால் ஏரிநீர் தெளிந்து காணும். காண்போர் இதனை நன்மை என்று மயங்குதல் கூடும். உண்மையில், மீன்குஞ்சுகளுக்கு உரிய உணவே அந்நீரிலிருந்து அகற்றப்பட்டுவிடுகிறது.

படகு என்னும் ஊர்தி

ஆற்றின் போக்கில் சிப்பி பரவுவது இயற்கை. ஆனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஏரிகளுக்கு அது செல்வது எப்படி? 2007 ஜனவரியில், ஹூவர் அணையால் உண்டான மீட் ஏரியில் குவாகா சிப்பி காணப்பட்டது. இவ்வினம் அதற்குமுன் அறியப்பட்டிருந்த நீர்நிலைகளுக்கும் மீட் ஏரிக்கும் இடையே 1,500 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு உண்டு. இடையில் மலைகளும் பாலைநிலமும் கிடக்கின்றன. இத்தொலைவைச் சிப்பி நீந்திக் கடக்கவில்லை. மோட்டார் வண்டிக்குப் பின்னே இழுத்துச் செல்லப்பட்ட ஏதோ ஒரு படகில் ஒட்டிக்கொண்டு, நெடுஞ்சாலை வழியே வந்தது என்றே கருதப்படுகிறது. குளிர்ச்சியும் ஈரமும் இருப்பின், நீருக்கு வெளியேயும் பல நாட்கள் உயிர்தாங்கும் வல்லமை இதற்கு உண்டு என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆகவேதான் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும், கனடாவின் மேற்கு மாகாணங்களிலும் சாலையோரங்களில் படகுச் சோதனை நிலையங்கள் அமைக்கப்பட்டன. அங்குள்ள சோதனையாளர், படகு கடைசியாக எந்த நீரில் இருந்தது, எடுத்து எத்தனை நாட்கள் ஆயின என்று முதலில் வினவுவார். பின்னர் படகின் அடிப்புறம், இயந்திரத்தின் சுழல்விசிறி, நீர் உறிஞ்சும் துளை, நங்கூரம், கயிறு, உள்ளே தேங்கிய நீர், இழுவண்டியின் சட்டம் ஆகியவற்றைப் பார்வையிடுவார். கையால் தடவியும் பார்ப்பார். ஏனெனில், அண்மையில் ஒட்டிய இளஞ்சிப்பிகள் கண்ணுக்குத் தெரியாவிடினும், உப்புத்தாளைத் தொடுவதுபோன்ற சொரசொரப்பைத் தரும். எனினும், கண்ணும் கையும் எட்டாத இடுக்குகள் ஒரு படகில் பல உள. வரிசையில் பல படகுகள் காத்திருக்க, வெயிலில் நாள் முழுதும் இவ்வேலையைச் செய்பவரின் கவனம் தளர்வதும் இயல்பே.

நாயின் மூக்கு செய்யும் பணி

இக்குறையை ஈடுசெய்யவே மோப்ப நாய் கொண்டுவரப்பட்டது. நாய் மோப்பம் பிடிக்கும்போது ஒரு வினாடியில் ஏறத்தாழ 5 முறை காற்றை உள்ளிழுக்கிறது. வெளிவிடும் காற்று மூக்கின் பக்கப் பிளவுகள் வழியே விலகிச் செல்வதால், எதிரிலுள்ள மணம் கலைந்துபோவதில்லை. உள்ளே செல்லும் காற்றில் ஒரு பகுதி, மூச்சுக்குரிய வழியினின்று பிரிந்து, மணமறியும் பகுதிக்குத் தனியே செல்கிறது. எனவே இடுக்கினுள் மறைந்த சிப்பியை நாய் காணவேண்டுவதில்லை; அவ்விடுக்கிலிருந்து கசியும் காற்றே அதற்குப் போதுமானது.

கலிபோர்னியா, மின்னசோட்டா ஆகிய மாநிலங்கள் இந்நாய்களைப் பணியில் ஈடுபடுத்தின. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் தன் சொந்த நாய்க்குழுவை அமைக்குமுன் ஒரு சோதனை நடத்தியது. அதில் நாய்கள் மறைத்துவைத்த சிப்பிகள் அனைத்தையும் கண்டுபிடித்தன. மனிதர்களோ நூற்றுக்கு 75 அளவிலேயே கண்டனர். மேலும், நாய்களுக்குத் தேவைப்பட்ட நேரமும் குறைவு.

பயிற்சி முறை எளிது. சிப்பியின் மணம் உள்ள பொருளைத் துளையிட்ட டப்பாக்களுள் ஒன்றில் வைத்து, மற்றவற்றில் வேறு பொருள்களை வைப்பர். உரிய டப்பாவை நாய் முகர்ந்தவுடன் அதற்கு மிகவும் விருப்பமான பந்து கொடுக்கப்படும். இவ்வாறு பலமுறை செய்யவே, சிப்பியின் மணம் என்றால் விளையாட்டு என்று நாய் அறிந்துகொள்கிறது. மணம் கிடைத்த இடத்தில் பிறாண்டவோ குரைக்கவோ செய்யாமல், அமைதியாக உட்காரும்படி அது பழக்கப்படுகிறது. பிறர் படகைக் கீறாமல் இருத்தற்கு இது இன்றியமையாதது.

சோதனையின்போது நடத்துநர் காற்றின் திசையை முதலில் கவனிக்கிறார். காற்று படகிலிருந்து நாயை நோக்கி வருமாறு தொடங்கி, படகைச் சுற்றி ஒழுங்காக நடத்திச் செல்கிறார். நாய் உட்கார்ந்த இடத்தைச் சோதனையாளர் நுணுகி ஆராய்கிறார். சிப்பி காணப்படின், படகைக் கடுஞ்சூடான நீரால் கழுவுகின்றனர். வெளிப்புறத்தில் நீர் படும் இடத்தில் 60 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் 10 வினாடியேனும் இருத்தல் வேண்டும் என்பது பெரிதும் கைக்கொள்ளப்படும் விதியாகும்.

நாய் சொல்லாதவை

களப்பணியாளர் மறவாது கொள்ளவேண்டிய சில வரம்புகள் உள. முதலாவது, நாய் அறிவிப்பது மணத்தையே அன்றி உயிரை அன்று. காய்ந்து இறந்த சிப்பியின் ஓட்டுக்கும் அது உட்காரக்கூடும். உயிருள்ளதா அன்றா என்பதை முடிவுசெய்தல் மனிதனின் கடமை. ஐயம் இருப்பின் உயிருள்ளதாகவே கொள்ளுதல் வேண்டும். இரண்டாவது, கடும் வெப்பமும் களைப்பும் நாயின் திறனைக் குறைக்கும். இடையிடையே ஓய்வும், நிழலும், குடிநீரும் அளிக்காதவர் நாயைக் குறைகூற உரிமையற்றவர். மூன்றாவது, நாய் உட்காராமற் போனமையே படகு தூயது என்பதற்குச் சான்றாகாது. நீரை வடித்தல், துடைத்தல், உலர்த்துதல் ஆகிய மூன்றும் எந்நிலையிலும் செய்யப்படவேண்டும்.

நான்காவது வரம்பு எல்லாவற்றினும் நுட்பமானது. அது நாயைப் பற்றியதன்று, நடத்துநரைப் பற்றியது. 2011ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனை நன்கு விளக்குகிறது. போதைப்பொருள் அல்லது வெடிமருந்து கண்டறியப் பயின்ற 18 நாய்களும் அவற்றின் நடத்துநர்களும் அதில் பங்கேற்றனர். தேடும் இடங்களில் மணப்பொருள் இருக்கக்கூடும் என்றும், சில இடங்களில் சிவப்புக் காகிதம் அதனைக் குறிக்கும் என்றும் நடத்துநர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் எங்கும் எதுவும் வைக்கப்படவில்லை. ஆயினும், நடந்த 144 தேடல்களுள் 21 மட்டுமே பொய்யறிவிப்பு ஏதும் இன்றி முடிந்தன. சிவப்புக் காகிதம் இருந்த இடங்களில் அறிவிப்புகள் மிகுதியாக இருந்தன. அதாவது, நடத்துநர் எதை நம்பினாரோ அதுவே அறிவிப்பாக வெளிப்பட்டது. அவருடைய நடை சற்றே தயங்குவதையும், பார்வை ஓரிடத்தில் நிலைப்பதையும் நாய் அறியவல்லது. நாய் உட்காராதபோதே உட்கார்ந்ததாக நடத்துநர் கருதிவிடுவதும் உண்டு.

இதன் பொருள் நாய் பயனற்றது என்பதன்று. நாயைச் சோதிக்கும் முறை நேர்மையானதாக இருத்தல் வேண்டும் என்பதே. சிப்பியை மறைத்துவைத்தவர் அவ்விடத்தில் நிற்கலாகாது; நடத்துநருக்கும் உடனிருப்பவருக்கும் அது இருக்கும் இடம் தெரியலாகாது; சிற்சில வேளைகளில் எதையும் வைக்காமலே தேடவிடுதலும் வேண்டும். தவறவிட்டவை எத்தனை, வீணாக அறிவித்தவை எத்தனை என்ற இரண்டையும் ஏட்டில் பதிதல் அவசியம். வெற்றியை மட்டும் எழுதிவைக்கும் நிலையத்தில், நாயின் உண்மைத் திறனை எவரும் அறியமுடியாது. அங்கு தவறவிட்ட ஒரு படகின் விலையை ஓர் ஏரி முழுவதும் கொடுக்க நேரும்.

நம் நாட்டுக்கு இதன் தொடர்பு

இவை தொலைதூரச் செய்திகள் என்று எண்ணுதல் பொருந்தாது. வரிக்குதிரைச் சிப்பியின் குடும்பத்தையே சேர்ந்ததும், அமெரிக்காவின் வெப்பக் கடற்கரைகளைத் தாயகமாகக் கொண்டதுமாகிய கறுப்புவரிச் சிப்பி, 1967ஆம் ஆண்டில் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் காணப்பட்டது. பின்னர் மும்பையிலும் அது பரவியது. இதே சிப்பி 1999 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறைகளில் காணப்பட்டது. அத்துறைகள் கதவு பூட்டிய நீர்த்தேக்கங்களாக இருந்தமையால், அவற்றை மூடி, குளோரினும் மயில்துத்தமும் இட்டு, அதனை அடியோடு ஒழிக்க முடிந்தது. ஓரிடத்தில் தாமதமின்றிக் கண்டார்கள், இடமும் மூடியிருந்தது, ஒழித்தார்கள். மற்றோரிடத்தில் அது நிலைத்துவிட்டது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் பாடம்.

ஆசிரியர்களுக்கு

வகுப்பில் செய்துகாட்டத்தக்க எளிய பயிற்சி ஒன்று: மூடியில் துளையிட்ட ஒரேவகை டப்பாக்கள் 6 எடுத்து, ஒன்றில் மட்டும் ஏலக்காய் இடுக. ஒரு மாணவர் முகர்ந்து கண்டுபிடிக்கட்டும். முதன்முறை, ஏலக்காய் உள்ள டப்பாவை அறிந்த மற்றொரு மாணவர் உடன் நிற்கட்டும். இரண்டாம் முறை, அறிந்தவர் அறைக்கு வெளியே சென்றுவிடட்டும். மூன்றாம் முறை, எந்த டப்பாவிலும் ஏலக்காய் இடாமல், இட்டிருப்பதாக மட்டும் கூறுக. மூன்று முறையும் பலருக்கு வைத்து, விடைகளைக் கரும்பலகையில் எழுதுக.

வினாக்கள்

1. லார்வாப் பருவத்தில் சிப்பியைக் கண்ணால் தேடுவது ஏன் பயன்தருவதில்லை?

2. ஏரிநீர் தெளிவடைவது எப்போதும் நன்மையைக் குறிக்குமா? காரணம் கூறுக.

3. நாய் உட்காராத படகையும் உலர்த்தவேண்டும் என்பது ஏன்?

4. மூன்றாம் முறைச் சோதனையில் ஏலக்காய் மணத்தை உணர்ந்ததாகக் கூறியவர் எத்தனை பேர்? அவர்கள் பொய் சொன்னார்களா, அன்றி வேறு காரணம் உண்டா?

நான்காம் வினாவுக்கு மாணவர் தாமே விடை காணும்படி விடுக. தாம் எதிர்பார்ப்பதையே உணர்ந்ததாக எண்ணும் இயல்பு மனிதருக்கு உண்டு என்பதை இளமையிலேயே அறிந்தவர், பின்னாளில் நாயை நடத்தினாலும், நுண்ணோக்கியைக் கையாண்டாலும், தம் முடிவைத் தாமே ஒருமுறை ஐயுற்று நோக்கும் பழக்கத்தைக் கைவிடமாட்டார்.