கையால் ஊட்டினால்தான் கிளி பழகுமா?

காக்டெயில் குஞ்சு வாங்கப் போனால் கடைக்காரர் தவறாமல் சொல்வது இது: "பொடிசா இருக்கும்போதே எடுத்துட்டுப் போய் கையால ஊட்டுங்க சார், அப்பத்தான் தோள்ல வந்து உக்காரும்." கூடவே ஒரு சிரிஞ்சும் பொட்டலம் மாவும் தருவார். அவர் அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. குஞ்சு சீக்கிரம் போனால் ஜோடி அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும். ஊட்டும் வேலையும், குஞ்சு செத்தால் வரும் நஷ்டமும் வாங்கியவர் தலையில்.

பறவை பழகுவது ஊட்டுவதால் அல்ல, பயமில்லாமல் கைபட்டு வளர்வதால். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் அமேசான் கிளிகளை வைத்து இதைச் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். தாய் தந்தையே ஊட்டி வளர்த்த குஞ்சுகளைக் கூட்டிலிருந்து அடிக்கடி எடுத்துக் கையில் வைத்துப் பழக்கினார்கள். கைபடாமல் வளர்ந்தவற்றைவிட இவை மனிதரிடம் நன்றாகவே ஒட்டின. காக்டெயிலில் தாய் தந்தை இரண்டுமே அடைகாக்கும், இரண்டுமே ஊட்டும். அந்த வேலையை அவற்றிடமே விட்டுவிட்டு, கண் திறந்த பிறகு தினமும் சில நிமிடம் குஞ்சைக் கையில் எடுத்தால் போதும். பிறந்ததிலிருந்து தன் இனத்தையே பார்க்காமல் மனிதர் கையில் மட்டும் வளர்ந்த குஞ்சு, பருவம் வந்ததும் வளர்த்தவரையே ஜோடியாக நினைத்துக்கொண்டு மற்றவர்களைக் கடிப்பதும் உண்டு.

தாய் கைவிட்டது, செத்துப்போனது என்று ஊட்டியே தீரவேண்டிய நிலையும் வரும். உண்மையான ஆபத்து அங்கேதான். "விரலை விட்டுப் பார், வெதுவெதுன்னு இருந்தா சரி" என்பார்கள். விரலுக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. மாவுக் கரைசல் 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் வரை இருக்கவேண்டும். தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்கவேண்டும். இன்னும் சில டிகிரி ஏறினாலே இரைப்பை வெந்துவிடும். கொடுமை என்னவென்றால், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. குஞ்சு வழக்கம்போலத் தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொள்ளும். சில நாள் கழித்து நெஞ்சுக்கு மேலே தோல் சிவந்து பொருக்குத் தட்டும், பொருக்கு விழுந்தால் ஓட்டை, ஊட்டியது அந்த வழியாகவே ஒழுகும். அப்புறம் மருத்துவர் தைத்தால்தான் உண்டு. மைக்ரோவேவில் சூடாக்கினால் ஒரு பக்கம் ஆறியும் ஒரு பக்கம் கொதித்தும் இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டம்ளரை வைத்துச் சூடாக்குவதே நல்லது. ஆறிப்போனதைக் கொடுத்தால் இரைப்பை அசையாமல் நின்று உள்ளே இருப்பது புளித்துவிடும். மீந்ததை மறுபடி சூடாக்குவதும் வேண்டாம்.

"பாவம், தாகமா இருக்கும்" என்று வாயில் தண்ணீர் சொட்டுவது அடுத்த தவறு. நாக்கின் அடிப்பகுதியிலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது. ஒரு சொட்டு தவறினாலும் நுரையீரலுக்குத்தான் போகும். குஞ்சுக்கு வேண்டிய தண்ணீர் கரைசலிலேயே இருக்கிறது. சிரிஞ்சைக் குஞ்சின் இடப்பக்க அலகோரத்தில் வைத்து வலப்பக்கம் நோக்கிச் செலுத்தவேண்டும், ஏனென்றால் உணவுக்குழாய் கழுத்தின் வலப்பக்கமாக இறங்குகிறது. தலையாட்டி வாங்கும்போது மட்டும் கொடுங்கள், நிறுத்தினால் நிறுத்துங்கள்.

எதைக் கொடுப்பது? பால், பாலில் நனைத்த ரொட்டி, செரலாக், பொட்டுக்கடலை மாவு, வாயில் மென்ற சோறு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பாலில் உள்ள லாக்டோஸைப் பறவையால் செரிக்க முடியாது. "புறா குஞ்சுக்குப் பால் கொடுக்குதே?" என்று மடக்குவார்கள். அது புறாவின் இரைப்பைச் சுவரிலிருந்து வரும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த தயிர் மாதிரியான பொருள், அதில் லாக்டோஸே இல்லை. வெறும் கடலை மாவில் கால்சியம் போதாமல் எலும்பு வளைந்துபோகும். மென்று கொடுத்தால் நம் எச்சில் கிருமிகள் குஞ்சுக்குள் போகும். கிளிக் குஞ்சுகளுக்கென்றே கடையில் ஹேண்ட் ஃபீடிங் ஃபார்முலா கிடைக்கிறது. விலை அதிகம்தான், வேறு வழியில்லை.

நிறையக் கொடுத்தால் சீக்கிரம் வளரும் என்பதும் சரியல்ல. ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போதும்: 60 கிராம் குஞ்சுக்கு சுமார் 6 மில்லி. நாளுக்கு ஒருமுறையாவது இரைப்பை முழுக்கக் காலியாகவேண்டும்.

"ஏழு வாரமாச்சு, ஊட்டுறதை நிறுத்து, பசிச்சா தானா தின்னும்" என்பதைக் கேட்டுப் பட்டினியால் போன குஞ்சுகள் ஏராளம். காக்டெயில் தானாகத் தின்ன எட்டு, பத்து வாரம்கூட ஆகும். தினை, கீரை எல்லாம் முன்னால் போட்டுவைத்து, காலையில் ஊட்டுவதற்கு முன் எடை பார்த்து, வேளைகளை மெல்லக் குறைக்கவேண்டும். பறக்கத் தொடங்கும்போது பத்து சதவீதம் வரை எடை இறங்குவது இயல்பு. அதற்கு மேல் இறங்கினால் மறுபடி ஊட்டுங்கள்.

இன்னொன்று, மரத்திலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சு. "மனுஷன் தொட்டா தாய் சேர்த்துக்காது" என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கைபட்டதற்காகப் பறவைகள் குஞ்சை ஒதுக்குவதில்லை. கூடு எட்டினால் அதிலேயே வைத்துவிடலாம். பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்ட குஞ்சானால் அட்டைப்பெட்டியில் துணி விரித்து, எதுவும் ஊட்டாமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.